கப்பல் படிப்பும் மூடிய கிணறும்

மரைன் இன்ஜினியரிங் படிக்கச் சேர்ந்தபோது நான் கடலைப் பார்த்ததே இல்லை. தருமபுரிப் பக்கம், இண்டூரிலிருந்து உள்ளே பிரிகிற மண்சாலையில் எங்கள் வீடு. சுற்றிலும் மரவள்ளி, ராகி, தண்ணீர் இருக்கிற வருஷம் தக்காளி. அப்பா பெங்களூரில் கட்டட வேலை பார்த்தார். நிலத்தைச் சித்தப்பா பார்த்துக்கொண்டார். நுழைவுத் தேர்வு எழுதி, நிறங்களைப் பிரித்துச் சொல்லும் கண் சோதனையிலும் தேறி, கடற்கரையோரப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்தபோது, வீட்டில் அதிகம் சிரித்தவர் சித்தப்பாதான்.

"கெணத்துலயே தண்ணி இல்லாத ஊரு. இங்கருந்து கப்பலு ஓட்டப் போறாளாம்."

"ஓட்டறது வேற படிப்பு சித்தப்பா. நான் இன்ஜினப் பாத்துக்கறது."

"நடுக்கடல்ல நின்னுபோச்சுன்னா?"

"நிக்காமப் பாத்துக்கத்தான் நாலு வருசம் படிக்கறது."

அவர் அதற்கும் சிரித்தார். ஆனால் கல்லூரியில் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். விடுதி வாசலில் என் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, தூரத்தில் கோடாகத் தெரிந்த கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சத்தம் நிக்கவே நிக்காதா இதுக்கு?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

எங்கள் வளாகத்துக்குள் ஒரு கப்பல் இருந்தது. முழுக் கப்பல் அல்ல. கப்பலின் இன்ஜின் ரூம் எப்படி இருக்குமோ அதே மாதிரி, மூன்று தட்டு உயரத்துக்கு, தரையிலேயே கட்டி வைத்திருந்தார்கள். உண்மையான இன்ஜின், உண்மையான பம்புகள், கொதிகலன், செங்குத்தான இரும்பு ஏணிகள். எல்லாம் ஓடும், ஆனால் எதுவும் எங்கேயும் போகாது. மத்தியான வகுப்புகளில் ஜெனரேட்டரை ஓடவிட்டு எங்களை அங்கே காவல் நிற்க வைப்பார்கள். காலடியில் தகடு அதிரும். ஜன்னல் கிடையாது. அரை மணி நேரத்தில் வெளியே வேப்பமரமும் கேன்டீனும் இருப்பது மறந்துபோகும். கதவைத் திறந்தால் தண்ணீர்தான் இருக்கும் என்று உடம்பு நம்பத் தொடங்கிவிடும். எனக்கு மட்டும்தான் அப்படியா என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் ஒருமுறை கேட்டேன். அவள் கதவைத் திறந்து, வெயிலைப் பார்த்துவிட்டு மூடினாள்.

அந்தக் கப்பலின் அடித்தட்டில், மூலையில், ஓர் இரும்புத் தொட்டி இருந்தது. ஓர் ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்கு முட்டை வடிவத்தில் ஒரு வாய். எண்ணெய்த் தொட்டி, தண்ணீர்த் தொட்டி மாதிரி மூடிக் கிடக்கிற இடங்களுக்குள் எப்படி இறங்குவது, விழுந்தவனை எப்படி வெளியே எடுப்பது என்று பழக்குவதற்காக வைத்தது. பாடம் எடுத்தவர் பல வருஷம் கப்பலில் இருந்துவிட்டு வந்தவர். அவர் அதிகம் பேசமாட்டார். அன்று மட்டும் நிறையப் பேசினார்.

"உள்ள விழுந்தவன காப்பாத்தப் போறேன்னு அவசரமா எறங்கினவங்கதான் நெறைய செத்துப் போயிருக்காங்க. கெட்ட காத்து உங்கள பயமுறுத்தும்னு நெனைக்காதீங்க. சில சமயம் சுகமா இருக்கும். பேச்சு குழறும், சிரிப்பு வரும், வெளிய வரணும்கற நெனப்பே வராது. அதனால வாசல்ல நிக்கறவன் வாசல விட்டு நகரவே கூடாது. கயிறு அவன் கையில இருக்கணும்."

பிறகு எங்களுக்கு மாட்டிய சுவாச முகமூடியின் கண்ணாடியைக் கறுப்புத் துணியால் மறைத்து, ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். என் முறை வந்தது. தவழ்ந்து போய், இரும்புச் சுவரைத் தடவிக்கொண்டே திரும்பி வரவேண்டும். உள்ளே நல்ல காற்றுதான் இருந்தது. எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் பாதித் தூரத்தில், இங்கேயே உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. உட்கார்ந்தும் விட்டேன். குளுமையாக இருந்தது. யாரோ எனக்காக இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்த மாதிரி. தோழிகள் வெளியே தகட்டைத் தட்டிக் கூப்பிட்ட பிறகுதான் தவழ ஆரம்பித்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று யாரிடமும் கேட்கவில்லை. கெட்ட காற்றே இல்லாத இடத்தில் எனக்கு அப்படித் தோன்றியது என்பதுதான் அன்று இரவு முழுக்க என்னைத் தொந்தரவு செய்தது.

மூன்றாம் வருஷ விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பழைய கிணறு ஒன்று. எங்கள் பக்கத்துக் கிணறுகள் பெரும்பாலும் அகலமாக, சதுரமாக, பாறையை வெட்டி இறங்கியிருக்கும். இது அப்படியில்லை. வட்டமாக, குறுகலாக, கல் கட்டியது. ஆழ்துளைக் கிணறு போட்ட வருஷம் ஓர் ஆட்டுக்குட்டி இதற்குள் விழுந்ததால், கற்பலகைகளைப் போட்டு மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் அதன்மேல் விறகு அடுக்குவார்கள், துணி காயப்போடுவார்கள். நான் அதைக் கிணறு என்று நினைத்ததே கிடையாது. அந்த வருஷம் ஆழ்துளைக் கிணறு கைவிட்டது. நல்ல மழையும் பெய்தது. பலகையை நகர்த்திப் பார்த்த சித்தப்பா, உள்ளே தண்ணீர் ஏறியிருப்பதைக் கண்டார். நாற்றம் பிடித்த தண்ணீர். அதை இறைத்துப்போட்டுச் சுத்தம் செய்தால் தக்காளிக்கு ஆகும் என்று முடிவு செய்தார்.

இண்டூரில் மோட்டார் பழுதுபார்க்கிற பாய் ஒருவரை அழைத்துவந்தார். ஒல்லியான மனிதர், சித்தப்பா வயதுதான் இருக்கும். பெட்ரோலில் ஓடுகிற, வாடகைக்கு விடுகிற தண்ணீர்ப் பம்பு அவரிடம் இருந்தது. மேலே வைத்தால் அவ்வளவு ஆழத்திலிருந்து பம்பு தண்ணீரை உறிஞ்சாது. அதனால் கப்பியில் கயிற்றைக் கட்டி, பம்பையே கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே இருந்த கல் திட்டில் வைத்தார்கள். காலையில் அதைத் தூக்கி இறக்க நாலைந்து பேர் வந்திருந்தார்கள். பாய் இறங்கிக் கயிற்றை அவிழ்த்து, இன்ஜினை ஓடவிட்டு ஏறியதும் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரே ஒரு பலகைதான் நகர்ந்திருந்தது. மற்றவை மூடியபடியே இருந்தன.

நான் அப்போது வீட்டில் இல்லை. தருமபுரிக்கு வங்கி வேலையாகப் போய்விட்டு மத்தியானம் பஸ் இறங்கி நடந்து வந்தேன். தூரத்திலேயே இன்ஜின் சத்தம் கேட்டது. சத்தம் சரியில்லை. ஏறி இறங்கி, மூச்சு வாங்குகிற மாதிரி இருந்தது. வேலியைத் தாண்டும்போது ஒரு முனகலோடு நின்றுபோனது. அப்போதுதான் அந்தச் சத்தம் தரைக்கு அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது என்று எனக்கு உறைத்தது.

பையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பாய் கிணற்று வாயில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெட்ரோல் கேன்.

"பாய், எறங்காதீங்க!"

"ஏம்மா? பெட்ரோலு தீந்திருக்கும். ஊத்திட்டு வந்துர்றேன்."

"காலையில இருந்து உள்ளதான் ஓடுச்சா?"

"ஆமாங்கண்ணு" என்றார் சித்தப்பா. "பாதிக்கு மேல எறச்சாச்சு. இன்னும் கொஞ்சந்தான்."

குனிந்து பார்த்தேன். புகை இல்லை. அடியில் கொஞ்சம் தண்ணீர் மினுங்கியது. கல் இடுக்கில் முளைத்திருந்த செடி அசையாமல் இருந்தது.

"பொகை மேல வந்துருச்சு சித்தப்பா. ஆனா அதுல இருந்த விஷம் வந்திருக்காது. அதுக்கு நெறமும் இல்ல, வாசமும் இல்ல. சாயந்திரம் வரைக்கும் பலகையெல்லாம் எடுத்துட்டு காத்தாட வுடுங்க."

"வெளக்கு வுட்டுப் பாத்துரலாமே" என்றார் பாய். கோபப்படவில்லை. சித்தப்பா அரிக்கேனை ஏற்றிக் கயிற்றில் கட்டி இறக்கினார். திட்டு வரைக்கும் போய், அங்கேயும் நிதானமாக எரிந்தது.

"பாத்தியா? எரியுது."

"வெளக்குக்கு அது தெரியாது சித்தப்பா. மனுசனத்தான் அது கொல்லும்."

சித்தப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் சின்னப் பிள்ளை, இரண்டு பெரியவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள், வெயில் மண்டையைப் பிளக்கிறது. பாய்க்கு இன்னொரு வேலை இருந்தது. கடைசியில் ஒன்றுக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். கப்பிக் கயிற்றின் முனையை அவர் அக்குளுக்கு அடியில் சுற்றி, கல்லூரியில் பழகிய முடிச்சைப் போட்டேன். கயிற்றை மார்பின்மேல் இழுத்துப் பார்த்துவிட்டு, "ஆட்டக் கட்டற மாதிரி கட்டிட்டியேம்மா" என்று சிரித்தார். "பேசிக்கிட்டே எறங்குங்க பாய்" என்றேன்.

சுவரில் பதித்திருந்த இரும்புப் படிகளில் இறங்கினார். பேசிக்கொண்டேதான் போனார். படி ஆடுகிறது என்றார். கல்லெல்லாம் வழுக்குகிறது என்றார். மகளும் இந்த வருஷம் பள்ளி முடிக்கிறாள், இதே படிப்புக்கு அனுப்பலாமா என்று கேட்டார். அனுப்புங்க என்றேன். திட்டில் கால் வைத்ததும் கேனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

பிறகு பேச்சு மாறியது. முதலில் ஒரு வார்த்தை இழுத்தது. அடுத்து அவர் வீட்டில் பேசுகிற உருதுவில் ஏதோ சொன்னார். எங்களிடம் சொல்லவில்லை. குரல் தாழ்ந்து, எதிரே உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம் நலம் விசாரிக்கிற மாதிரி இருந்தது. நடுவில் நிறுத்தினார், பதிலைக் கேட்பது போல. மறுபடியும் பேசினார். மெல்லச் சிரித்தார்.

"யாரு கூடங்க பாய் பேசறீங்க?" என்று சித்தப்பா குனிந்து கேட்டார்.

"எறங்கி வாங்க" என்றது குரல். தமிழில், தெளிவாக, ஒரு குழறலும் இல்லாமல். "இங்க நல்லா இருக்குது. எறங்கி வாங்க."

அந்தக் குரலில் எந்தப் பயமும் இல்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. பக்கத்தில் பார்த்தால் சித்தப்பாவின் ஒரு கால் ஏற்கெனவே முதல் படியில் இருந்தது. அவர் முகத்தில் பதற்றமே இல்லை. யாரோ சாப்பிடக் கூப்பிட்டு, எழுந்து போகிற மாதிரிதான் போய்க்கொண்டிருந்தார்.

"கூப்புடறாரு பாப்பா."

"சித்தப்பா!" அவர் சட்டையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்தேன். கிழிந்தது. மறுபடியும் தோளைப் பிடித்து இழுத்தேன். "நீங்க போனா நீங்களும் வரமாட்டீங்க. கயித்தப் புடிங்க. இழுங்க!"

அவர் கண் என்மேல் நிலைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகுதான் காலை எடுத்தார். இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்தோம். பாரம் தெரிந்தது, ஆனால் தூக்குகிறவருக்கு உதவாத, தொய்ந்த பாரம். கப்பி கிறீச்சிட்டது. கயிறு என் உள்ளங்கையை அறுத்தது. மேலே வந்தபோது அவர் தலை மார்பில் சாய்ந்து கிடந்தது. முகம் வெளுத்திருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நல்ல ஆரோக்கியம் உள்ளவர் போல, வெயிலில் நின்று வந்த குழந்தை போலச் சிவந்திருந்தது. உதட்டில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

வேப்பமர நிழலுக்கு இழுத்துப் போட்டோம். மூச்சு இருந்தது, நூல் மாதிரி. சட்டையைத் தளர்த்தி, தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். சித்தப்பா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். வீட்டைப் பார்த்து, தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார்.

அம்மா சொம்போடு வந்தாள். அவள் அதுவரை வீட்டுக்குள் தொலைக்காட்சி முன்னால் இருந்தாள். இங்கே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. கிணற்றைத் தாண்டித்தான் எங்களிடம் வரவேண்டும். தாண்டும்போது நின்றாள். திரும்பி, நகர்ந்திருந்த பலகையைப் பார்த்தாள்.

"உள்ள இன்னும் யாரு இருக்காங்க?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லம்மா. இந்தப் பக்கம் வா."

"எறங்கி வாங்கன்னு கூப்புடறாங்களே."

சித்தப்பாவின் கையிலிருந்து போன் நழுவி மண்ணில் விழுந்தது. உள்ளே யாரும் இல்லை. இறங்கினவர் ஒரே ஒருவர், அவர் தலை என் மடியில் இருந்தது. எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. ஆனால் அம்மா சொன்னது அதே வார்த்தைகள். அவை எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாதவை. அவள் கிணற்றைப் பார்த்து இன்னும் ஓர் அடி வைத்தாள். "அம்மா, தண்ணி!" என்று நான் அலறியதில் சொம்பிலிருந்த பாதித் தண்ணீர் சிந்தியது. அவள் ஓடி வந்தாள். சித்தப்பா எழுந்து போய், கிணற்றுக்குள் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே, பலகையைத் தள்ளி மூடினார்.

பாய் பிழைத்தார். தருமபுரி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்ஜின் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு என்று டாக்டர் சொன்னார். ரத்தத்தில் அது கலந்தால் முகம் அப்படித்தான் சிவக்குமாம். மூளைக்குக் காற்றுப் போகாதபோது மனிதர்கள் எதையும் பார்ப்பார்கள், எதையும் கேட்பார்கள் என்றும் சொன்னார். மேலே நின்ற எங்களுக்கும் லேசாகத் தாக்கியிருக்கலாம் என்றார். அதுவெல்லாம் எனக்குப் பாடத்தில் இருந்ததுதான். ஆனால் வீட்டுக்குள்ளிருந்து அப்போதுதான் வந்தவளைப் பற்றி நான் டாக்டரிடம் கேட்கவில்லை.

மறுநாள் நானும் சித்தப்பாவும் பாயைப் பார்க்கப் போனோம். அவர் மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்து, என் கையில் இருந்த கயிற்றுக் காயத்துக்குத் தானே மருந்து போட்டுவிட்டார். பாய் தலைவலியோடு, ஆனால் தெளிவாகப் பேசினார்.

"எங்கள எதுக்குங்க கூப்புட்டீங்க?" என்று சித்தப்பா கேட்டார். அதைக் கேட்கத்தான் அவர் வந்திருந்தார் என்று எனக்கு அப்போது புரிந்தது.

"எங்க?"

"உள்ள நின்னுக்கிட்டு. எறங்கி வாங்க, எறங்கி வாங்கன்னு."

பாய் யோசித்தார். "நான் யாரையும் கூப்புடலீங்களே. கேன கீழ வெச்சேன். அம்மா உக்காந்திருந்தாங்க. எங்கம்மா போயி ரொம்ப வருசம் ஆச்சு. நல்லா இருக்கியான்னு கேட்டேன். அவ்வளவுதான் ஞாபகம்." என்னைப் பார்த்தார். "ஆனா எறங்கி வாங்கன்னு எனக்கும் கேட்டுச்சு. கூப்புட்டது நீதான்னு நெனச்சேன், பாப்பா. ஆனா கொரலு மேலருந்து வரல, உள்ளேர்ந்து வந்துச்சு. பொம்பளக் கொரலு."

பஸ்ஸில் திரும்பும்போது சித்தப்பா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "உங்க படிப்புல இதுக்கு என்ன சொல்றாங்க?" நான் டாக்டர் சொன்னதையே கொஞ்சம் நீளமாகச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பம்பை எடுக்க யாரும் இறங்கவில்லை. வாளி விழுந்தால் எடுக்கிற பாதாளக் கரண்டியை மேலிருந்தே விட்டு, கொக்கியில் மாட்டித் தூக்கினார்கள். பாய்தான் தேறி வந்து அதைப் பார்த்தார். பெட்ரோல் தீரவே இல்லை. டேங்கில் பாதி இருந்தது. இன்ஜினை ஓடவைக்கிற கயிற்றை ஒரு சுண்டு சுண்டினார், உடனே ஓடியது. காற்று போதாமல் நின்றிருக்கும் என்றேன். அதுதான் எனக்குத் தெரிந்த பதில். "அப்ப வெளக்கு எப்படி எரிஞ்சுது?" என்று கேட்டார் சித்தப்பா. பாய் இன்ஜினை நிறுத்தினார்.

கல்லூரி திறந்ததும் மறுபடியும் அந்த இரும்புத் தொட்டிப் பயிற்சி வந்தது. இந்த முறை வாசலில் நிற்கிற வேலை எனக்கு. உள்ளே போன பையன்களில் ஒருவன் விளையாட்டுக்கு, "சூப்பரா இருக்கு, நீயும் வா" என்று குரல் கொடுத்தான். நான் கயிற்றை இழுத்த வேகத்தில் அவன் தலை இரும்பில் இடித்து, காதுக்கு மேல் தையல் போடவேண்டியிருந்தது. பாடம் எடுத்தவர் என்னைத் தனியாக அழைத்து என்ன ஆயிற்று என்று கேட்டார். முழுவதும் சொன்னேன்.  நான் முடித்த பிறகு, "அந்தக் குரல நானும் கேட்டிருக்கேன்" என்றார். எங்கே, எந்தக் கப்பலில் என்று சொல்லவில்லை. 

படிப்பை முடித்தேன். இப்போது கப்பலில் இளநிலை இன்ஜினியராக இருக்கிறேன். தொட்டிகளுக்குள் இறங்குகிறேன். அதற்கு முன் காற்றை அளக்கிறோம், கருவி எண்ணைக் காட்டுகிறது, எண் சரியாக இருந்தால் இறங்குகிறோம். பாய் தன் மகளை நர்சிங் படிக்க வைத்தார்.

சித்தப்பா அந்தக் கிணற்றை மூடிவிட்டார். பாறைத் தூளும் செம்மண்ணும் டிராக்டரில் வந்துகொண்டே இருந்ததாம். அவர் போட்ட கணக்குக்கு மேல் வாங்கியதாம். இப்போது அதன்மேல் தக்காளி நட்டிருக்கிறார், நன்றாகத்தான் காய்க்கிறது. போன விடுமுறையில் வந்தபோது, மழைக்கு அடுத்த நாள் காலையில், அவர் தலையில் மண் கூடையோடு அந்தப் பக்கம் போவதைப் பார்த்தேன். ஒவ்வொரு மழைக்கும் அந்த வட்டம் மட்டும் கொஞ்சம் இறங்குகிறது என்றார். நானும் இன்னொரு கூடையை எடுத்துக்கொண்டு கூடப் போனேன்.